மூணு வாரத்துக்கு வளர்ப்பு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், சரோஜா அக்கா, அவருடைய கணவர் முருகேசன். இருந்திருக்க வேண்டிய மூன்று பேர் இல்லை. எங்கள் ஆய்வகத்தின் தலைவி டாக்டரம்மா டெல்லியில் ஏதோ கூட்டத்தில். நோயாளிகளிடம் பேசி ஒப்புதல் வாங்குகிற ஜெமிமா சிஸ்டர் கிறிஸ்துமஸ் விடுப்பில். ஆராய்ச்சி மாணவன் அருள் திருப்பத்தூரில், அவன் அம்மா சுட்ட முறுக்குக்கு நடுவில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு "இப்படி யார் சொன்னது?" என்று விசாரணை வந்தபோது, கை காட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் ஓய்வு பெற்றவன் தோரணையில் எழுத எனக்கு உரிமை உண்டு. செல் வளர்க்கும் மேசையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் என்பதுதான் கதை.

அப்போது நான் வேலூருக்கு வந்து ஒன்றரை வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். மாதனூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். வாணியம்பாடி பாய் ஒருவருடைய ஆடுகளை வாரத்துக்கு வளர்த்து, பிறக்கிற குட்டிகளில் பாதியை அவருக்குக் கொடுத்து, மீதியை விற்றுத்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். இந்த 'வாரத்துக்கு' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனதால்தான் வினை வந்தது.

சரோஜா அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின். பதினாலு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். முடக்குவாதம் வந்து இரண்டு வருடம். காலையில் கண் விழித்தால் விரல் மடங்காது. கம்பெனி பஸ் வருவதற்குள் வெந்நீரில் கையை ஊறவைத்து, வெறும் ஊசி நூலை நாலு தடவை கோத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வாராவாரம் போடுகிற மாத்திரை இருக்கும்வரை விரல் ஓடும். விரல் ஓடும்வரை மெஷின். மெஷின் போனால் பசை தடவுகிற பிரிவு, அதுவும் முடியாவிட்டால் வீடு. அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

எங்களுக்கு வேண்டியது அவருடைய ரத்தம், ஐம்பது மில்லி. ஒப்புதல் படிவத்தை எடுத்துக் கம்பீரமாகப் படித்தேன்.

"தங்கள் குருதியிலிருந்து ஒழுங்காற்று நிணநீர் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றைப் பெருக்கமுறச் செய்து..."

அக்கா முருகேசனைப் பார்த்தார். "இன்னாய்யா படிக்கிறாரு? யாருக்குக் கல்யாணம்?"

படிவத்தை ஓரமாக வைத்தேன். நானும் உங்க பக்கத்து ஆள்தான் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது.

"அது இன்னான்னாக்கா, நம்ம உடம்புல காவல் காக்கற செல்லு இருக்கு. கிருமி வந்தா அடிக்கும். உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்க விரலயே போட்டு அடிக்குது. 'போதும், இது நம்ம ஆளு'ன்னு அத அடக்கறதுக்கு வேற கொஞ்சம் செல்லு இருக்கு. அது சரியா வேல செய்யல."

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எங்க கம்பெனி செக்கிங்ல ஒருத்தி இருக்கா. நல்ல ஷூவயும் ரிஜெக்ட் போட்டு ஒதுக்கிடுவா. அவள அடக்கறதுக்கு இன்சார்ஜ்னு ஒருத்தரு. அந்த மாதிரியா?"

"அதேதான்க்கா. அந்த இன்சார்ஜ்தான்."

"அவுரு எப்பவும் டீ குடிக்கப் போய்டுவாரே."

"அதுதான்க்கா வியாதி."

இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. படித்தவர்கள் 'ரெகுலேட்டரி டி செல்' என்று சொல்வதற்கு அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் இன்சார்ஜ் என்றே பேர்.

"சரி, அந்த இன்சார்ஜப் புட்ச்சி இன்னா பண்ணுவ?"

"தனியா பிரிச்சு வளர்ப்போம்க்கா. மூணு வாரத்துக்கு வளர்ப்போம். ஒண்ணு நூறாப் பெருகும்."

"வாரத்துக்கா?"

"ஆமாக்கா, மூணு வாரம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை வாய் திறக்காத முருகேசன், "கம்மிதான்" என்றார். எடுக்கப் போகிற ரத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "ரொம்பக் கம்மிண்ணா" என்று நானும் ஒத்து ஊதினேன். அக்கா வலிக்கிற விரலால் கையெழுத்துப் போட்டார். ஜெமிமா சிஸ்டருக்கு ஒரு ஒப்புதலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு எட்டு நிமிடம். மனதுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் இன்சார்ஜுகள் ஜோராகப் பெருகினார்கள். அவர்களுக்குத் தீனி ஐ.எல்.2 என்கிற ஒரு மருந்து. இரண்டு நாளுக்கு ஒரு முறை பாட்டிலில் சேர்க்காவிட்டால் பட்டினியில் செத்துவிடுவார்கள். நடுவில் பொங்கல் வந்தது. ஒரே நாள் என்று ஊருக்குப் போனவன் ஐந்து நாள் இருந்துவிட்டேன். மாட்டுப் பொங்கலன்று அப்பாவின் ஆடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, ஒவ்வொன்றின் வாயிலும் என் கையாலேயே பொங்கல் ஊட்டினேன். திரும்பி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், அடியில் தவிடு படிந்த மாதிரி கிடந்தது.

அருளிடம் மட்டும் சொன்னேன். "வுடு. வேற ஆள்கிட்ட ரத்தம் எடுத்துக்கலாம்" என்றான். அன்றைக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு ஆய்வக வாசலில் சரோஜா அக்காவும் முருகேசனும் நின்றிருந்தார்கள். அக்கா கையில் பெரிய வாய் வைத்த ஃப்ளாஸ்க். அசைத்தால் உள்ளே கலகலவென்று ஐஸ் கட்டிச் சத்தம்.

"வாங்கக்கா. இன்னா விசேஷம்?"

"இந்நேரம் பெருகியிருக்குமே. என் பங்க வாங்கினு போலாம்னு வந்தேன்."

"இன்னா பங்கு?"

"நல்லா கேக்குற. மூணு வாரத்துக்குத்தான வுட்டேன்? மூணுல ஒண்ணு உனக்கு, ரெண்டு எனக்கு. எங்கூர்ல பாதிக்குக் கம்மியா எவன் வளப்பான்? ஆஸ்பத்திரிக்காரன் ஞாயமாக் கேக்குறான்னு அன்னிக்கே இவரு சொன்னாரு."

முருகேசன் ஆமோதித்தார். "கம்மின்னு சொன்னேனே தம்பி. நீயும் ரொம்பக் கம்மின்ன."

உள்ளே அருள் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. நான் சொன்னது ஏழு நாள் வாரம். அவர்கள் கேட்டது ஆட்டு வாரம், அதாவது பங்கு. வாரத்து ஆட்டில் வளர்ந்த எனக்கு அது அன்று காதில் ஏறவில்லை. வெள்ளை கோட்டு போட்டதும் தமிழில் பாதி மறந்துவிடுகிறது போலிருக்கிறது.

"ஒரு நிமிஷம்க்கா" என்று உள்ளே ஓடினேன். அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். செல் வளர்க்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை நீட்டினான். "ரெண்டு சிசி ஊத்திக் குடுத்துரு. ரோஸ் மில்க் மாதிரி இருக்கு பாரு. வீட்டு சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுப்பாங்க. உனக்கும் பேஜார் இல்ல."

வெட்கப்படாமல் சொல்கிறேன், குழாயைக் கையில் வாங்கிவிட்டேன். மூடியைத் திருகிக்கொண்டே வெளியே வந்தேன். அப்போதுதான் ஃப்ளாஸ்க்கைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவும் நெல்லிக்காய் போல. வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. டிசம்பரில் அப்படி இல்லை.

"இன்னாக்கா கை இப்படி இருக்கு? மாத்திர போடலயா?"

"அது எதுக்கு இனிமே? சொந்த ஆளுங்களே பெருகி வர்றாங்களே. மூணு வாரமா நிறுத்திட்டேன். மெஷின்ல உக்கார முடியல. பசை தடவப் போட்டுட்டாங்க. பத்து நாள்ல விரல் சரியாவலன்னா என் மெஷின வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்னுட்டாரு சூப்பர்வைசரு. அதான் ஓடியாந்தேன்."

நீங்களும் ஒருநாள் இப்படி வாசலில் நிற்பீர்கள், கையில் ஏதோ ஒரு ரோஸ் மில்க்கோடு. அந்தக் குழாயைக் கொடுத்திருந்தால் அக்கா சந்தோஷமாகப் போயிருப்பார். அதற்கப்புறம் மாத்திரை பக்கமே திரும்பியிருக்க மாட்டார். நான் அன்று நல்லவனாக நடந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த விரல்களைப் பார்த்த பயத்தில் கை தானாகக் குழாயைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டது.

"செத்துப்போச்சுக்கா" என்றேன்.

"எத்தினி?"

"எல்லாமே."

அக்கா கோபப்படவில்லை. ஃப்ளாஸ்க்கை முருகேசனிடம் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தோலக் காட்டு."

அருள் எட்டிப் பார்த்தான். "தோலா? இன்னா தோல்?"

அவனுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். வாரத்துக்கு விட்ட ஆடு செத்தால் வளர்த்தவன் தோலைக் கொண்டுபோய்ச் சொந்தக்காரரிடம் காட்ட வேண்டும். அப்போதுதான் ஆடு நிஜமாகவே செத்தது, சந்தையில் தள்ளிவிட்டு வந்து அழவில்லை என்று ஆகும். ஈரத் தோலை மடித்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அப்பா வாணியம்பாடிக்கு மிதித்ததை நான் பார்த்திருக்கிறேன். பாய் தோலைப் பிரித்து மச்சம் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சரி போ" என்பார். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அத்தனை தூரம்.

"வாங்கக்கா" என்றேன்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு இருவரும் உள்ளே வந்தார்கள். பாட்டிலை எடுத்தேன்.

"இது என்துதான்னு எப்டி நம்பறது?"

பாட்டிலின்மேல் ஒட்டிய எண்ணைக் காட்டினேன். அக்கா இடுப்பு முடிச்சிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, ஒவ்வோர் எண்ணாகத் தடவிச் சரிபார்த்தார். நான் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். நாங்கள் தினமும் செய்கிற காரியம்தான் அது. அக்கா குனிந்து பார்த்தார்.

"எல்லாம் நீலமாக் கீது."

"செத்ததுதான்க்கா நீலமாவும். உசுரோட இருக்கற செல்லு சாயத்த உள்ள வுடாது."

நம்பாமல் நகர்ந்து முருகேசனுக்கு இடம் விட்டார். முருகேசன் தோல் பதனிடும் ஷாப்பில் சாயப் பீப்பாயில் வேலை பார்ப்பவர். நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

"கரெக்டுதான்" என்றார். "உசுரோட இருக்கற தோலுக்கு எவன் சாயம் ஏத்த முடியும்? செத்தாத்தான் குடிக்கும்."

அக்கா அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். பத்து நகமும் கருநீலம். "அப்ப நீ எப்பய்யா செத்த? என்கிட்ட சொல்லவே இல்ல."

அருள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து பார்த்தார்.

"இங்க ஒண்ணு வெள்ளயா மினுக்குது."

"அது உசுரோட இருக்குக்கா."

"எல்லாமே செத்துச்சுன்ன?"

"அங்கங்க ஒண்ணு ரெண்டு..."

"ஒண்ணு ரெண்ட வுட்டுட்டு எல்லாம்னு சொல்ற வாயி, மத்தத மட்டும் ஒழுங்கா சொல்லுமா? எதுல செத்துச்சு? நோவா, பட்டினியா?"

"பட்டினி."

"தீனி வெக்கிறது யாரு?"

"நான்தான்."

"எங்க போன?"

"மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டேன்க்கா."

"இன்னா பண்ண?"

"ஆட்டுக்குப் பொங்கல் ஊட்டினேன்."

"அங்க ஆட்டுக்கு ஊட்டிட்டு, இங்க என் ஆட்டப் பட்டினி போட்டுட்ட" என்றார் அக்கா.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதுதான் கஷ்டமானது. ஒரு பொய்யை நிறுத்தியவன் பாதியில் நிற்க முடியாது. "அக்கா, எல்லாம் உசுரோட இருந்தாலும் உங்களுக்குக் குடுத்திருக்க முடியாது. இத உடம்புக்குள்ள திருப்பி ஏத்தற வைத்தியம் இன்னும் வரல. எப்படி வேல செய்யுதுன்னு பாக்கறதுக்குத்தான் வளர்த்தோம். என்னிக்காவது வரும். அது உங்களுக்கு ஆவுமா, வேற யாருக்கோ ஆவுமா, தெரியாது. நான் வாரம்னு சொன்னது ஏழு நாள் வாரம்."

முருகேசனுக்கு முதலில் புரிந்தது. "ஏழு நாளா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஃப்ளாஸ்க்கைத் தரையில் வைத்தார். அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிக்கணும்க்கா" என்றேன்.

"உன் பேச்சக் கேட்டு நிறுத்துனேன். இப்ப உன் பேச்சக் கேட்டே ஆரம்பிக்கணுமா?"

முருகேசன்தான் வழி சொன்னார்.

"மொறன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி. நோவுல செத்தா தோலோட சரி. பட்டினில சாவ வுட்டா, வளத்தவன் குட்டி குடுக்கணும்."

"பொட்டக் குட்டி" என்றார் அக்கா. "அத குடு, அப்புறம் உன் பேச்சு பேச்சு. மாத்திர இன்னா, வேப்பெண்ணெய் குடுத்தாலும் முழுங்குறேன்."

"அக்கா, இது ஆஸ்பத்திரி" என்றான் அருள்.

"தெரியுது. இல்லன்னா ஃப்ளாஸ்க்கு எதுக்கு, கயிறு எடுத்துனு வந்திருப்பேன்."

ஒப்புக்கொண்டேன். பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும் என்றார். அவர் கையெழுத்துப் போட்ட அதே ஒப்புதல் படிவத்தை எடுத்து, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். 'பட்டினியில் செத்த செல்லுக்கு ஈடாக ஒரு பெண் குட்டி தருகிறேன். அக்கா மாத்திரையை இன்றே தொடங்குவார், டாக்டர் சொல்லாமல் நிறுத்த மாட்டார்.' எழுதிப் படித்துக் காட்டி, பேனாவை மூடினேன்.

"இரு. கையெழுத்து அப்புறம். மொதல்ல இதுல இன்னா கீதுன்னு உன் வாயால சொல்லு. படிக்காத. சொல்லு."

சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினார். குட்டி பால் மறந்ததாக இருக்க வேண்டும், நோஞ்சானாக இருக்கக் கூடாது. அப்புறம்தான் பேனாவைத் திறக்க விட்டார்.

அன்றே வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மாத்திரை திரும்பத் தொடங்கியது. அது பலன் தருவதற்குள் வீக்கம் அடங்கச் சில நாளைக்கு வேறு மருந்தும் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஒரு கடிதமும் போனது. ஆனாலும் பத்து நாளில் விரல் ஓடவில்லை, மார்ச் கடைசி ஆகிவிட்டது. பதினாலு வருடம் ஓட்டிய மெஷின் வேறு பெண்ணிடம் போய்விட்டது. அக்காவுக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் ஒரு பழைய மெஷின், கக்கூஸ் ஓரமாக. "நாத்தம் இருக்கு. ஆனா செக்கிங்காரி அங்க வர்றதில்ல" என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். படிவத்தின் முன்பக்கத்தைப் படித்தார், பின்பக்கத்தைப் படித்தார். அருளும் ஜெமிமா சிஸ்டரும் நானும் வரிசையாக நின்றோம். முன்பக்கத்து ஒப்புதல் செல்லாது, அந்த ரத்தத்தில் எடுத்த எதுவும் ஆய்வில் சேரக் கூடாது, நடந்ததை அப்படியே நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பு என்றார். பின்பக்கத்தை இன்னொரு தடவை படித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி புரிஞ்ச பக்கம் இது ஒண்ணுதான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "குட்டி இன்னிக்கு இன்னா விலை?" என்று கேட்டார்.

அடுத்த திங்களிலிருந்து எனக்குச் செல் மேசை இல்லை, ஜெமிமா சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. இப்போது வெளிநாடுகளில் இன்சார்ஜுகளை வளர்த்து மனித உடம்புக்குள் திரும்ப ஏற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படிக்கிறேன். நம் ஊருக்கும் வரும். அப்போது அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். வாரம் என்று சொல்லாதீர்கள், நாள் கணக்கில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பேனாவை நீட்டாதீர்கள். என்ன புரிந்தது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேளுங்கள். சொல்வதில் எங்காவது ஆடு வந்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

குட்டியை அப்பாதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், இலவசமாக இல்லை, பாயின் பங்கு அதில் இருந்தது. சரோஜா அக்கா எங்கள் ஊருக்கே வந்து பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், மச்சத்தை ஞாபகம் வைத்துக்கொண்டார். வீட்டில் கட்ட இடமில்லை என்று அங்கேயே அப்பாவிடம் வாரத்துக்கு விட்டார். "உன் புள்ளகிட்ட மட்டும் தீனி வெக்கச் சொல்லாதே" என்பது ஒன்றுதான் நிபந்தனை. பாதிக்குப் பாதி.

டாக்டரம்மா, ஜெமிமா சிஸ்டர், அருள், நான் நாலு பேரும் கைக்காசு போட்டோம். குட்டி ஆயிரத்து முந்நூறு, கயிறு பன்னிரண்டு, குட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று அருள் முன்கூட்டியே வாங்கிய புதுத் துண்டு நாற்பது, ஃப்ளாஸ்க்கில் கரைந்துபோன ஐஸ் ஐந்து. ஆக மொத்தம் ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு ரூபாய்.